ஒலிம்பியாட் பயிற்சி: சாம்பிள் சரியாக வருகிறது, மார்க் மட்டும் 0. எங்கே தவறுகிறது?

தென்றல்11 எழுதியது:

வணக்கம். பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ், மாநிலப் பாடத்திட்டம். இந்தியன் கம்ப்யூட்டிங் ஒலிம்பியாட் முதல் சுற்றுக்கு நாலு மாதம் இருக்கிறது. பள்ளி நாளில் ஒரு மணி நேரமும் சனி, ஞாயிறில் மூன்று மூன்று மணி நேரமும் உட்கார முடியும். 4 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப். சி++ பாடப்புத்தகம் அளவுக்குத் தெரியும்.

இப்போது மாட்டியிருக்கும் கணக்கு இது. முதல் வரியில் வரிசையின் நீளமும் இலக்கும், இரண்டாவது வரியில் எண்கள். கூட்டினால் சரியாக இலக்கு வரும் தொடர் துண்டுகள் எத்தனை என்று சொல்ல வேண்டும். நீளம் 2 லட்சம் வரை. எண்கள் மைனஸ் 100 கோடியிலிருந்து 100 கோடி வரை. இலக்கு 10^14 வரை போகலாம்.

மார்க் பிரிப்பு: நீளம் 300 வரை என்றால் 20, நீளம் 5000 வரை என்றால் 20, எல்லா எண்ணும் பூச்சியத்தைவிடப் பெரியது என்றால் 20, கட்டுப்பாடு எதுவும் இல்லாத கடைசிப் பகுதிக்கு 40.

சாம்பிள்: நீளம் 5, இலக்கு 3, எண்கள் 1 2 1 2 1. விடை 4. எனக்கும் 4 வருகிறது. முன்கூட்டுத்தொகை (தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு இடம் வரையிலான கூட்டுத்தொகை) போட்டு இரண்டு லூப்பில் எழுதினேன். குறைந்தது 40 மார்க்காவது வரும் என்று பார்த்தால் 0. எல்லா மாறியும் இன்ட், அரே குளோபலாக வைத்திருக்கிறேன்.

மூன்று கேள்விகள். இந்த 0 ஏன்? செக்மென்ட் ட்ரீ (வரிசையின் எந்தப் பகுதியின் கூட்டுத்தொகையையும் வேகமாகச் சொல்லும் தரவு அமைப்பு) இப்போதே படிக்க வேண்டுமா? இருக்கிற நேரத்தில் எதைச் செய்தால் உண்மையில் மார்க் ஏறும்?

---

வரிசைமாற்று எழுதியது:

முதலில் அந்த 0. உங்கள் முறையில் தவறில்லை தம்பி, இலக்கை இன்ட்டில் வாங்கியதுதான் தவறு. இன்ட் பிடிப்பது 2,147,483,647 வரைதான். முதல் வரியில் இலக்கு 10^14 என்று வந்ததும் சின் (உள்ளீட்டை வாசிக்கும் சி++ வசதி) அங்கேயே தோற்றுவிடும். மாறியில் 2147483647 என்று போட்டுவிட்டு, அதன் பிறகு எத்தனை முறை கூப்பிட்டாலும் எதையும் வாசிக்காது. குளோபல் அரே என்பதால் உள்ளே எல்லாம் 0 ஆகவே நிற்கும். ஆக, உங்கள் புரோகிராம் கொடுத்த எண்களைப் பார்க்கவே இல்லை. எர்ரரும் வராது, நடுவில் நிற்கவும் நிற்காது, அமைதியாக ஒரு தப்பான விடையை அச்சிட்டுவிட்டுப் போகும். ஒரு பகுதியின் மார்க் கிடைக்க அந்தப் பகுதியின் எல்லா டெஸ்ட்டும் தேற வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் பெரிய இலக்குள்ள டெஸ்ட் ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும், மொத்தமும் 0.

இலக்கைச் சரிசெய்தாலும் இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. முன்கூட்டுத்தொகை 2 லட்சம் × 100 கோடி வரை, அதாவது 2×10^14 வரை போகும். விடையும் இன்ட்டில் நிற்காது. எல்லா எண்ணும் 0, இலக்கும் 0 என்று வைத்துப் பாருங்கள். எந்தத் துண்டை எடுத்தாலும் சரிதான், மொத்தம் 2,000 கோடியே 1 லட்சம் துண்டுகள். மூன்றுமே இன்ட்டைவிட மிகப் பெரிய எண்ணைப் பிடிக்கும் லாங் லாங்காக இருக்க வேண்டும். இதைத் தட்டச்சு தொடங்கும் முன் தாளில் எழுதிப் பழகுங்கள்: உள்ளே வரும் மிகப் பெரிய எண் எது, நடுவில் உருவாகும் மிகப் பெரிய எண் எது, விடை எவ்வளவு பெரிதாகலாம். அரை நிமிட வேலை.

அடுத்து நேரம். ஒரு நொடிக்கு ஏறக்குறைய 10 கோடி எளிய செயல்கள் என்று கணக்கு வையுங்கள். சி++ இதைவிட வேகமாகவும் ஓடும், ஆனால் திட்டமிட இந்த அளவு பாதுகாப்பானது. நீளம் 5000 என்றால் இரட்டை லூப் 1.25 கோடி ஜோடி, கண்மூடித் திறப்பதற்குள் முடியும். நீளம் 2 லட்சம் என்றால் 2,000 கோடி ஜோடி, அதாவது 200 நொடி. லூப்பை எவ்வளவு இழைத்தாலும் அது 1 நொடிக்குள் அடங்காது. முறையையே மாற்ற வேண்டும்.

முழு மார்க்குக்கான வழி: இடமிருந்து வலமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். இதுவரை வந்த கூட்டுத்தொகை 7, இலக்கு 3 என்றால், இதற்கு முன் கூட்டுத்தொகை 4 ஆக இருந்த இடங்கள் எத்தனையோ அத்தனை துண்டுகள் இங்கே முடிகின்றன. எந்தக் கூட்டுத்தொகை எத்தனை முறை வந்தது என்பதை மேப்பில் (ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு மதிப்பைக் குறித்துவைக்கும் சி++ அமைப்பு) வைத்தால் போதும். உங்கள் சாம்பிளில் கூட்டுத்தொகைகள் 0, 1, 3, 4, 6, 7. மூன்று வித்தியாசம் உள்ள ஜோடிகள் 0-3, 1-4, 3-6, 4-7. நான்கு.

இதில் வழுக்கும் இடங்கள்:

தொடக்கத்தில் மேப்பில் 0 என்ற கூட்டுத்தொகையை ஒருமுறை போட்டுவைக்க வேண்டும். மறந்தால் முதல் எண்ணில் தொடங்கும் துண்டுகள் எல்லாம் விடுபடும். இந்தச் சாம்பிளுக்கே 4க்குப் பதில் 3 வரும்.

முதலில் தேடிவிட்டுப் பிறகுதான் இப்போதைய கூட்டுத்தொகையைச் சேர்க்க வேண்டும். வரிசையை மாற்றினால், இலக்கு 0 ஆக இருக்கும்போது ஒவ்வொரு இடமும் தன்னையே எண்ணிக்கொண்டு, விடை வரிசையின் நீளம் அளவுக்குக் கூடிவிடும். சாம்பிளில் இலக்கு 3 என்பதால் இது தெரியவே தெரியாது.

தேடுவதற்குச் சதுர அடைப்பைப் பயன்படுத்தினால் மேப் இல்லாத எண்ணையும் உள்ளே உருவாக்கிவிடும், அளவு இரட்டிப்பாகும். ஃபைண்ட் பயன்படுத்துங்கள். சாதாரண மேப்பில் ஒரு தேடலுக்கு 18 ஒப்பீடு என்றால் மொத்தம் 36 லட்சம்தான். வேகத்துக்காக அன்ஆர்டர்டு மேப்புக்கு ஓட வேண்டிய அவசியம் இங்கே இல்லை.

செக்மென்ட் ட்ரீ? இந்தக் கணக்குக்குத் தேவைப்பட்டது ஒரு மேப். முதல் சுற்றுக்கு அதை விட்டுவிடுங்கள்.

---

காவேரிக்கரை எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

பாடப்புத்தகத்து சி++ தொடக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் இன்ஹெரிடன்ஸ், பாலிமார்பிசம் எல்லாம் போட்டியில் உதவாது. உங்களுக்கு வேண்டியது வெக்டர், ஸ்ட்ரிங், பேர், சார்ட், மேப், செட், க்யூ, பிரையாரிட்டி க்யூ, லோயர் பவுண்ட். இவற்றை இரண்டு வாரத்தில் கைக்குக் கொண்டுவந்துவிடலாம். பள்ளி லேபில் இன்னும் டர்போ சி++ இருந்தால் அதில் பயிற்சி செய்யாதீர்கள். அதில் இன்ட் 32,767 வரைதான், மேலே சொன்ன பட்டியலில் ஒன்றும் கிடையாது. வீட்டு லேப்டாப்பில் ஜி++ கம்பைலரும் ஜீனி மாதிரி இலகுவான எடிட்டரும் 4 ஜிபிக்குத் தாராளம். எடிட்டரில் தானாக வரியை முடித்துத் தரும் ஏஐ எதுவும் இருந்தால் அணைத்துவிடுங்கள். போட்டியில் கை தானாக எழுத வேண்டிய வரியை வேறு யாரோ எழுதித் தந்தால் அது பயிற்சி ஆகாது.

கணக்குகளுக்கு சிஎஸ்இஎஸ் என்ற இணையதளத்தின் தொகுப்பு போதும். அறிமுகப் பகுதி, அடுத்து சார்ட்டிங்-தேடல் பகுதி, பிறகு டைனமிக் புரோகிராமிங்கின் (டிபி: சின்னப் பகுதிகளின் விடைகளைச் சேமித்துவைத்துப் பெரிய விடையைக் கட்டும் முறை) முதல் பாதி, கிராஃபில் பிஎஃப்எஸ், டிஎஃப்எஸ், டைக்ஸ்ட்ரா என்ற தேடல் முறைகள் வரை. இந்த வரிசையில் சார்ட்டிங்-தேடல் பகுதியில்தான் நிறைய நாள் செலவழிக்க வேண்டும். பள்ளி மாணவர் போட்டிகளின் முதல் சுற்றுக் கணக்குகளில் பெரும்பாலானவை வரிசைப்படுத்துதல், முன்கூட்டுத்தொகை, இரு முனைச் சுட்டி (துண்டின் இடது, வலது முனைகளை நகர்த்திக்கொண்டே போவது), பைனரி தேடல், எளிய டிபி இவற்றைச் சுற்றியே வரும். டிபிக்கு அட்கோடர் என்ற போட்டித் தளத்தில் பயிற்சிக்கென்றே ஒரு தொகுப்பு இருக்கிறது, 26 கணக்கு. அதில் முதல் பத்தை யார் உதவியும் இல்லாமல் இரண்டாம் முறை எழுத முடிந்தால் இந்தக் கட்டத்துக்குப் போதும்.

60 கணக்கு, 200 கணக்கு என்று எண்ணிக்கையைத் துரத்தாதீர்கள். மாட்டிக்கொண்ட கணக்கை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் மார்க் இருக்கிறது. ஒரு கணக்கில் 45 நிமிடம் உண்மையாக யோசியுங்கள். யோசிப்பது என்றால் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது இல்லை. சின்ன உதாரணங்களைத் தாளில் போட்டு, மெதுவான விடையையாவது எழுதி முடித்திருக்க வேண்டும். அதற்கு மேலும் நகரவில்லை என்றால் விளக்கத்தின் முதல் பத்தியை மட்டும் படியுங்கள். மூடுங்கள். இன்னும் 20 நிமிடம். அப்படியும் வரவில்லை என்றால் முழுவதும் படித்து, மூடிவிட்டு, பார்க்காமல் எழுதுங்கள். எழுதும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாலும் அந்தக் கணக்கு முடியவில்லை என்று அர்த்தம். ஒரு வாரம் கழித்து அதே கணக்கை வெற்றுத் திரையில் மறுபடி எழுதுங்கள். பள்ளி நாளின் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கணக்குதான் இப்படி முடியும், சில நாள் அதுவும் முடியாது. அதுவே சரியான வேகம்.

ஒரு நோட்டு வையுங்கள். கணக்கின் பெயர், எங்கே தடுக்கியது, அடுத்த முறை எதைப் பார்த்ததும் இது நினைவுக்கு வர வேண்டும். ஒரு கணக்குக்கு மூன்றே வரி. "இலக்கை இன்ட்டில் வாங்கினேன்" என்று இன்று அதில் எழுதிவிடுங்கள். பத்து வாரத்தில் பார்த்தால் நீங்கள் செய்யும் தவறுகள் ஆறேழு வகைக்குள்தான் அடங்கும். போட்டியில் சமர்ப்பிக்கும் முன் அந்த ஆறேழையும் சரிபார்த்தால் போதும்.

சனிக்கிழமை மாலையில் அட்கோடர் பிகினர் கான்டெஸ்ட் எழுதுங்கள். பெரும்பாலும் நம் நேரம் 5.30க்குத் தொடங்கும், 100 நிமிடம். நேரக்கெடுவுக்குள் எழுதும் பழக்கம் அதில் வரும். ஞாயிறு முழுக்க முதல் நாள் முடியாத கணக்குகளுக்கு. புதுப் போட்டி வேண்டாம்.

இன்னொன்று, தமிழ் வழியில் படித்தவர்கள் அதிகம் தடுக்குவது ஆங்கிலக் கேள்வியின் சின்னச் சொற்களில். சப்அரே, சப்ஸ்ட்ரிங் இரண்டும் தொடர்ச்சியான துண்டு. சப்சீக்வென்ஸ் என்றால் நடுவில் விட்டுவிட்டும் எடுக்கலாம், வரிசை மட்டும் மாறக்கூடாது. 'அட் மோஸ்ட்' என்றால் அதுவும் சேர்த்து அதற்குள். 'நான்-டிக்ரீசிங்' என்றால் சமமும் அனுமதி. 'டிஸ்டிங்க்ட்' என்ற ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டால் கணக்கே வேறாகிவிடும். கேள்வியைப் படித்ததும் சொந்தத் தமிழில் இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் கேள்வி புரியவில்லை.

---

தென்றல்11 எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். லாங் லாங் மாற்றியதும் 40 வந்தது. மேப் முறையைப் பிறகு எழுதலாம் என்று மூன்றாவது பகுதிக்கு இரு முனைச் சுட்டி எழுதினேன். கூட்டுத்தொகை இலக்கைத் தாண்டினால் இடது முனையை நகர்த்துவேன். அந்த 20ம் வந்து 60 ஆயிற்று. அதையே முழுக் கணக்குக்கும் போட்டால் கடைசிப் பகுதி தப்பு என்கிறது. எந்த டெஸ்ட்டில் என்று தளம் காட்டவில்லை. இப்படி இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

---

நிரல்தோழி எழுதியது:

அதைக் கண்டுபிடிக்க தளம் தேவையில்லை தம்பி, உங்கள் லேப்டாப்பே சொல்லும். மூன்று சின்ன புரோகிராம்கள் வேண்டும். ஒன்று, நீங்கள் சந்தேகப்படும் வேகமான விடை. இரண்டு, மூன்று லூப் போட்டு ஒவ்வொரு துண்டையும் கூட்டிப் பார்க்கும் முட்டாள்தனமான விடை. இது மெதுவாக இருக்கட்டும், தப்பாக இருக்கக் கூடாது. மூன்று, தற்செயல் எண்களால் டெஸ்ட் உருவாக்குவது. மூன்றாவதன் வெளியீட்டை மற்ற இரண்டுக்கும் கொடுத்து விடைகளை ஒப்பிடும் ஒரு பேட்ச் ஃபைல். வேறுபட்ட உடனே நிற்க வேண்டும். ஆயிரம் சுற்று ஓடவிடுங்கள்.

டெஸ்ட் எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நீளம் 1 முதல் 6 வரை, எண்கள் மைனஸ் 3 முதல் 3 வரை, இலக்கும் அதே வீச்சு. பெரிய எண்களைப் போட்டால் கூட்டுத்தொகை இலக்கோடு பொருந்தவே பொருந்தாது, இரண்டு புரோகிராமும் 0 என்று சொல்லி ஒத்துப்போகும், நீங்கள் சரி என்று நினைத்துவிடுவீர்கள். தவறு அகப்பட்டாலும், 6 எண்ணில் கையால் போட்டுப் பார்க்கலாம், 600 எண்ணில் முடியாது.

உங்கள் கணக்கில் என்ன அகப்படும் என்று இப்போதே சொல்கிறேன். எண்கள் 3 0 0, இலக்கு 3. சரியான விடை 3: முதல் எண் மட்டும், முதல் இரண்டு, மூன்றும். இரு முனைச் சுட்டி எழுதும் விதத்தைப் பொறுத்து 1 என்று முடித்துவிடக்கூடும். மைனஸ் எண் வந்தால் நிலைமை இன்னும் மோசம். கூட்டுத்தொகை இலக்கைத் தாண்டியதும் இடது முனையை நகர்த்துகிறீர்கள், ஆனால் வலப்பக்கம் ஒரு மைனஸ் காத்திருந்தால் அதே துண்டு நீண்டு இலக்குக்கே திரும்பி வந்திருக்கும். நீட்டினால் கூடும், சுருக்கினால் குறையும் என்ற உறுதி இருந்தால்தான் அந்த முறை செல்லும். மூன்றாவது பகுதியின் "பூச்சியத்தைவிடப் பெரியது" என்ற நிபந்தனை அந்த உறுதியைத்தான் தருகிறது. மார்க் பிரிப்பின் ஒவ்வொரு வரியும் கணக்கு அமைத்தவர் தரும் துப்பு. அதை எடுத்தால் எது உடைகிறது என்று கேட்டுக்கொண்டே போனால் முழு விடைக்கு வழி தெரியும்.

டெஸ்ட் உருவாக்க ராண்ட் என்ற பழைய தற்செயல் எண் ஃபங்ஷனைப் பயன்படுத்தாதீர்கள். விண்டோஸில் வழக்கமாகக் கிடைக்கும் ஜி++இல் அது 32,767ஐத் தாண்டாது. 2 லட்சம் வரை எண் வேண்டும் என்று மீதி எடுத்தால் ஒரு முறைகூட 33 ஆயிரம் வராது. எம்டி19937 என்ற தற்செயல் எண் உருவாக்கியைப் பயன்படுத்துங்கள், அதன் விதை எண்ணை (தொடக்கத்தைத் தீர்மானிக்கும் எண்) சுற்று எண்ணாகக் கொடுங்கள். அப்போது தவறிய டெஸ்ட்டை மறுபடி அப்படியே உருவாக்கலாம். நேரத்தை விதையாகக் கொடுத்தால் ஒரே நொடிக்குள் ஓடும் சுற்றுகள் எல்லாம் ஒரே டெஸ்ட்டாகிவிடும்.

சின்ன டெஸ்ட் தேறிய பிறகு தனியாக ஒரு பெரியது: நீளம் 2 லட்சம், எல்லாம் 100 கோடி. இது நேரத்துக்கும் எண் வழிதலுக்கும். இதையும் எல்லாம் 0 உள்ள ஒன்றையும் ஓட்டினால்தான் சமர்ப்பிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அமைப்பை முதல் முறை எழுத ஒரு மணி நேரம் ஆகும். பழகினால் ஏழெட்டு நிமிடம். போட்டிக்குள்ளேயே எழுதும் அளவுக்குப் பழக வேண்டும்.

பெரிய டெஸ்ட் மெதுவாக இருந்தால் உடனே முறையைச் சந்தேகிக்காதீர்கள். சின், சிஅவுட் இரண்டையும் பழைய சி வாசிப்போடு ஒத்திசைக்கும் ஏற்பாட்டை முதல் வரியில் அணைத்திருக்கிறீர்களா, வரி முடிவுக்கு எண்டில் போடுகிறீர்களா என்று பாருங்கள். எண்டில் ஒவ்வொரு முறையும் வெளியீட்டைத் தள்ளிவிட்டு வரும். 2 லட்சம் வரி அச்சிடும்போது அதுவே நேரத்தை விழுங்கிவிடும்.

---

வரிசைமாற்று எழுதியது:

காவேரிக்கரை சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. வாராந்திரப் போட்டி வேகத்துக்கு நல்லது, ஆனால் அங்கே ஒரு கணக்கு முழுவதும் சரி அல்லது 0. ஒலிம்பியாட் அப்படி இல்லை. பன்னாட்டு ஒலிம்பியாட்டில் இரண்டு நாள், நாளுக்கு 5 மணி நேரம், 3 கணக்கு, ஒவ்வொன்றும் 100 மார்க், அதுவும் பகுதி பகுதியாக. இந்தியாவிலிருந்து அங்கே போகும் நால்வரும் முழு மார்க்கால் மட்டும் வந்தவர்கள் அல்ல, பகுதி மார்க்கைச் சிந்தாமல் பொறுக்கத் தெரிந்தவர்கள். அதனால் கடைசி ஆறு வாரம் சனிக்கிழமையைப் பழைய தாள்களுக்குக் கொடுங்கள். இந்திய ஒலிம்பியாட்டை நடத்தும் ஐஏஆர்சிஎஸ் தளத்தில் பழைய கேள்விகளும் படிக்கும் பாடங்களும் இருக்கின்றன. ஓஜே.யூஇசட் தளத்தில் பல நாட்டு ஒலிம்பியாட் கணக்குகளைப் பகுதி மார்க்கோடு சமர்ப்பிக்கலாம்.

தாளை எழுதும்போது முதல் 15 நிமிடம் கீபோர்டைத் தொடாதீர்கள். எல்லாக் கேள்வியையும் படித்து, ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் "தெரியும்", "வரலாம்", "தெரியாது" என்று குறியுங்கள். "தெரியும்" எல்லாவற்றையும் முதலில் எழுதி மார்க்கை உறுதி செய்யுங்கள். அதில் எழுதும் மெதுவான விடைதான் பிறகு நிரல்தோழி சொன்ன ஒப்பீட்டுக்கும் உதவும். ஒரு கணக்கில் 40 நிமிடமாக மார்க் ஏதும் ஏறவில்லை என்றால் அடுத்ததற்குப் போங்கள்.

எழுத்துத் தாள் சுற்றான இசட்ஐஓவும் எழுதுவதாக இருந்தால் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அதில் கம்ப்யூட்டர் கிடையாது. பழைய தாள்களில் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று உள்ளீடு கொடுத்து மூன்றுக்கும் விடையைக் கையால் போடச் சொல்லியிருப்பார்கள். டிபி அட்டவணையை ரூல் தாளில் பென்சிலால் நிரப்பிப் பழகுங்கள். ஒரு கட்டம் தப்பினால் அதன் வலப்புறமும் கீழும் எல்லாம் தப்பும். அதனால் ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ஏதாவது ஒரு கட்டத்தை வேறு வழியில் சரிபார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போங்கள். டிபி கையில் ஒட்டுவதற்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை, ஆகையால் இசட்ஐஓ எழுதாவிட்டாலும் வாரம் ஒரு கேள்வி போடுங்கள்.